மூன்றாம் வகுப்புக்கு டேப்லெட் வந்துவிட்டது, இனி பென்சில் எதற்கு?

வாசகர் ஒருவரின் கேள்வி:
மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைகள், 8 டேப்லெட். கட்டுரை எழுதச் சொன்னால் பாதிப் பேர் இரண்டு வரியோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். டேப்லெட்டைக் கொடுத்தால் ஆசையாகத் தட்டுகிறார்கள். எப்படியும் வளர்ந்த பிறகு யாரும் பக்கம் பக்கமாகக் கையால் எழுதப் போவதில்லை. இப்போதே தட்டச்சுக்கு மாற்றிவிட்டால் என்ன தவறு?

ஜூன் 18, மாலை

தவறுதான் என்று நினைக்கிறேன். 14 வருடமாக ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் எடுத்திருக்கிறேன், அதில் ஆறு வருடமாக வகுப்பில் டேப்லெட் வைத்திருக்கிறேன், அதனால் கருவியைக் கண்டு பயந்து சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்து முதலில் கையில் ஏற வேண்டும். 2012 இல் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தாமாகக் கையால் எழுத வைத்தார்கள், சிலவற்றின் மேல் வரைய வைத்தார்கள், சிலவற்றை விசையில் தட்ட வைத்தார்கள். அப்புறம் அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாசிப்புக்கு வேண்டிய பகுதிகள் தாமாக எழுதிப் பார்த்த எழுத்துகளுக்குத்தான் நன்றாக வேலை செய்தன. அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: குழந்தை எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் கோணலாக, வேறு வேறு மாதிரி வருகிறது, அந்த வேறுபாட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எது அந்த எழுத்து, எது இல்லை என்பது பிடிபடுகிறது. ண போடும்போது சுழி இரண்டா மூன்றா என்று விரல் தடுமாறுகிறதே, அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் நடக்கிறது. விசையைத் தட்டினால் எப்போதும் ஒரே ண.

இரண்டு வரியோடு நின்றுபோவது பென்சிலால் வருவது இல்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒரு வாக்கியம் எழுத எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், யோசித்ததை மறக்காமல் வைத்திருக்க வேண்டும், பேசுகிற சொல்லை எழுதுகிற சொல்லாக மாற்ற வேண்டும், ல வா ள வா ழ வா பார்க்க வேண்டும், ஒற்று வருமா என்று பார்க்க வேண்டும், கோட்டை விட்டுக் கீழே இறங்காமலும் எழுத வேண்டும். பென்சிலைப் பிடுங்கிவிட்டு விசைப்பலகையைக் கொடுத்தால் கடைசி வேலை ஒன்றுதான் குறையும், பதிலுக்கு விசையைத் தேடும் வேலை புதிதாகச் சேரும். 2009 இல் வர்ஜினியா பெர்னிங்கர் குழுவினர் 2, 4, 6 ஆம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு விதமாகவும் கட்டுரை எழுத வைத்துப் பார்த்தபோது, பேனாவால் எழுதியதுதான் நீளமாகவும் வேகமாகவும் வந்தது.

ஐந்தாம் வகுப்பு முடியும் வரை விசைப்பலகையைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஜூன் 18, இரவு

மேலே உள்ள கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து படித்தால் எனக்கே அதிகமாகத் தெரிகிறது. 2007 இல் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, 4 முதல் 12 ஆம் வகுப்பு வரை எது எழுத்தை வளர்க்கிறது என்று பார்த்தார்கள். கணினியில் எழுதுவது நன்றாகவே உதவுகிறது என்றுதான் வந்தது. (இலக்கணத்தைத் தனியாக எடுத்து நடத்துவது எழுத்தைக் கீழே இழுக்கிறது என்றும் வந்தது. அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.) எனவே வகுப்பு எண்ணை விட்டுவிடுவோம். எழுத்து வடிவம் யோசிக்காமல் கையில் வரும் வரை பென்சில், அதற்கப்புறம் இரண்டும். இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 20

லேப்டாப்பில் குறிப்பெடுப்பவர்களைவிடக் கையால் எழுதுபவர்களுக்கே பாடம் புரிகிறது என்ற 2014 ஆய்வை எனக்கு ஆதரவாக ஒருவர் போட்டிருக்கிறார். நன்றி, ஆனால் அது வேண்டாம். அது கல்லூரி மாணவர்கள் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பதைப் பற்றியது. 2021 இல் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது, லேப்டாப்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி அதிகம் எழுதினார்கள் என்பது மட்டும் மறுபடி வந்தது, தேர்வில் அந்த வித்தியாசம் வரவில்லை. 2024 இல் வந்த நார்வே ஆய்வும் (36 பேர் தலையில் மின்முனைகளை மாட்டிப் பார்த்தது) பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்ததுதான். நம் வகுப்பில் இருப்பவர்களுக்கு இன்னும் பல்லே முழுசாக முளைக்கவில்லை.

ஜூன் 21

இன்றைக்கு வகுப்பில் நடந்தது. ஒரு பையனுக்கு ‘கொக்கு’ என்று தட்ட வேண்டும். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு கொம்பைத் தேடினான். கையால் எழுதும்போது ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்றுதான் போவோம், அதனால் முதலில் ெ விசையை அமுக்கினான். திரையில் கொம்போடு ஒரு புள்ளி வட்டம் வந்து நின்றது. “டீச்சர், இந்த வட்டம் எதுக்கு? நான் போடலையே” என்றான். அழித்தான், மறுபடி கொம்பை அமுக்கினான், மறுபடி வட்டம். நாலாவது முறை டேப்லெட்டைப் பக்கத்துப் பையனிடம் தள்ளிவிட்டான்.

எனக்கு இது இவ்வளவு நாளாக உறைக்கவே இல்லை. கை இடமிருந்து வலமாக வடிவத்தை வரைகிறது. விசைப்பலகை ஒலியின் வரிசையைக் கேட்கிறது, முதலில் மெய், பிறகு உயிர். க், ஒ, கொ. பழைய தட்டச்சுப்பொறியில் கொம்பைத்தான் முதலில் அடிப்பார்கள், பார்க்கிற வரிசைப்படி. ஆக அந்தப் பையன் செய்தது தவறே இல்லை, அவனுக்குத் தெரிந்த ஒரே வரிசை அதுதான்.

சரி, இதைப் பாடமாகவே ஆக்கலாமே என்று அடுத்த பாடவேளையில் பலகையில் க் + ஒ என்று போட்டு, வாயால் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எது முதலில் கேட்கிறது? “க்” என்று எல்லோரும் கத்தினார்கள். அப்படியானால் டேப்லெட்டுக்கும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உயிர்மெய் என்றால் என்ன என்று ஒரு வருடமாக நான் நடத்தியதைவிட இந்தப் பத்து நிமிடத்தில் நன்றாகப் புரிந்தது. 18 ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது, விசைப்பலகை எழுத்தைப் பற்றி எதையும் கற்றுத்தராது என்ற தொனி அதில் இருந்தது. வடிவத்தைக் கற்றுத்தராது, அமைப்பைக் கற்றுத்தரும்.

எந்த விசைப்பலகையைப் பழக்கலாம் என்று கேட்டவருக்கு: தமிழ்99. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது. உயிர் இடது கைப்பக்கம், மெய் வலது கைப்பக்கம். க வை இரண்டு முறை அடித்தால் முதல் க வுக்குத் தானே புள்ளி வந்துவிடும். ஆங்கில எழுத்தில் அம்மாவை ‘ஏ எம் எம் ஏ’ என்று அடித்துத் தமிழாக்கும் முறையை மட்டும் இந்த வயதில் பழக்காதீர்கள். ந, ன, ண மூன்றும் அவர்கள் மனதில் ஒரே ஆங்கில எழுத்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் கிளப்புவது கஷ்டம்.

ஜூன் 27

குரல்வழித் தட்டச்சு! இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண், வருடம் ஆரம்பித்ததிலிருந்து ஒரு வரிக்கு மேல் எழுதியதே இல்லை. இன்றைக்கு மைக்கை அமுக்கிப் பேசச் சொன்னேன். பூனை குட்டி போட்ட கதை, ஒரு திரை முழுக்க வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எழுதத் தெரியாத பிள்ளை என்று நினைத்தோமே, இவ்வளவு நாளும் எல்லாம் உள்ளே இருந்திருக்கிறது.

ஜூலை 3

முன் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது உடனே ஆரம்பித்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

அந்தத் திரையை அச்செடுத்து அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசிக்க முடியவில்லை. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் முழுசும் ஒரே வாக்கியம். அவள் சொன்ன சில சொற்களைக் கருவி வேறு சொல்லாகக் கேட்டிருந்தது, அது என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே அந்நியமாகக் காகிதத்தில் கிடந்தது. “இது நான் சொன்னதா டீச்சர்?” என்றாள். நான் கொண்டாடியது என் சந்தோஷத்தைத்தான், அவள் எழுத்தை இல்லை.

இப்போது செய்வது இதுதான். எழுத்தாக மாற்றாமல் குரலை மட்டும் பதிவு செய்கிறோம், டேப்லெட்டில் இருக்கும் சாதாரண ரெக்கார்டர் போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு காதில் மாட்டிக்கொண்டு, ஒரு வாக்கியம் கேட்டு, நிறுத்தி, நோட்டில் எழுத வேண்டும். அடுத்த வாக்கியம், நிறுத்து, எழுது. அவள் பேசியது இப்படி இருந்தது: “எங்க பூன மூணு குட்டி போட்டுச்சு. ஒண்ணு மட்டும் கத்தவே இல்ல. நான் அத தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு. அப்பறம்தான் அது கத்துச்சு.” நோட்டில் வந்தது: “எங்கள் பூனை மூன்று குட்டி போட்டது. ஒன்று மட்டும் கத்தவே இல்லை. நான் அதைத் தொட்டு பார்தேன். சூடாக இருந்தது. அப்புறம்தான் அது கத்தியது.” ஒரு ஒற்று, ஒரு த் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். பேச்சை எழுத்தாக்குவதை அவளே செய்தாள். முற்றுப்புள்ளி எங்கே என்று நான் சொல்லித்தரவே இல்லை, நிறுத்து பொத்தானை எங்கே அமுக்கினாளோ அங்கே வைத்தாள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்ய வேண்டும், எழுதி முடித்த அன்றே அழித்துவிட வேண்டும். அப்புறம் இடம். நாங்கள் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் உட்கார வைக்கிறோம், உள்ளே ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் கேட்காது.

ஜூலை 4

“போட்டுச்சு என்று எழுதினால் தவறு போட வேண்டுமா?” முதல் பிரதியில் வேண்டாம். எழுதி முடித்த பிறகு அவர்களையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், பாதியை அவர்களே மாற்றிவிடுவார்கள். ஆனால் கதைக்குள் ஒருவர் பேசினால் பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். பல வருடம் முன்பு ஒரு பையன், அவன் பாட்டி “டேய், எங்கடா போனே?” என்று கேட்டதாக எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்து “எங்கே சென்றாய்?” என்று திருத்தினேன். அவன் நோட்டைப் பார்த்துவிட்டு, “எங்க பாட்டி இப்படிப் பேச மாட்டாங்க டீச்சர்” என்றான். அவன் சொன்னது சரி. அப்போது ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15

பிழைதிருத்தி பற்றி நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். நான் அணைத்துத்தான் வைக்கிறேன்.

ஒரு பையன், “நேற்று நான் பல்லிக்குப் போனேன்” என்று தட்டினான். கருவி ஒன்றும் சொல்லவில்லை, பல்லி நல்ல தமிழ்ச் சொல்தானே. அதற்கு அடுத்த வரியில் “எழுதிக்கொண்டிருந்தபோது” என்று ஒரு பிழையும் இல்லாமல் தட்டியிருந்தான், அதற்கடியில் சிவப்புக் கோடு. சிவப்பைப் பார்த்ததும் சரியாக இருந்த சொல்லை நாலு துண்டாக வெட்டினான். தமிழில் ஒரு வினைச்சொல் விகுதிமேல் விகுதி சேர்ந்து எவ்வளவோ நீளும், அத்தனை வடிவத்தையும் அகராதியில் அடுக்கி வைக்க முடியாது. கருவியின் மேல் கோபம் இல்லை. ஆனால் எட்டு வயதில் சிவப்புக் கோடு என்றால் டீச்சர் போட்ட சிவப்பு மாதிரி, அதை எதிர்த்து நிற்க அவர்களுக்குத் தெரியாது.

பல்லியை என்ன செய்தோம்? அந்த வரியைப் பெரிதாகத் திரையில் போட்டு, படம் வரையச் சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரேறிப் பல்லியிடம் போகும் பையன், 20 படங்களுக்கு மேல் வந்தன. எழுதியவன் வரைந்ததுதான் அதில் நல்ல படம். அவன் இனி ள வை மறக்க மாட்டான்.

சொல்லைத் தானே முடித்துக்கொடுக்கும் வசதியையும் அணையுங்கள். ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன், பத்துப் பேர் கட்டுரை ஒரே மாதிரி ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 2

நான் நோட்டில் ரப்பர் பயன்படுத்த விடுவதில்லை. வேண்டாத சொல்லின் மேல் ஒரு கோடு, அவ்வளவுதான், அடியில் இருப்பது தெரிய வேண்டும். டேப்லெட்டில் அழித்தால் அழிந்தே போகிறது, அதுதான் எனக்குக் குறையாக இருந்தது. இல்லை என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கூகுள் டாக்ஸில் பழைய பதிப்புகளைத் திரும்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது, நான் அதைத் திறந்ததே இல்லை.

பல் விழுந்த கதை எழுதிய ஒரு பெண்ணோடு உட்கார்ந்து, அவள் எழுதிய வரிசையில் ஒவ்வொரு பதிப்பாகப் பார்த்தோம். நடுவில் ஒரு வாக்கியம் வந்து காணாமல் போயிருந்தது: “பல் இருந்த இடத்துக்கு என் நாக்கு போய்ப் போய் வந்தது.” இதை ஏன் எடுத்தாய் என்றேன். பக்கத்தில் இருந்தவள் அசிங்கமாக இருக்கிறது என்றாளாம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த வரி என்று மட்டும் சொன்னேன், திரும்பப் போடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய்க்குள் நாக்கு அந்த இடத்தைத் தேடுவது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு அவளே மீட்டுக்கொண்டாள், கூடவே “உப்பாக இருந்தது” என்று இரண்டு சொல் சேர்த்தாள்.

திருத்தி எழுதுவதற்கு டேப்லெட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வருகிறேன். நோட்டில் ஒரு வரியை நடுவில் சேர்க்க வேண்டும் என்றால் பக்கம் முழுக்கத் திரும்ப எழுத வேண்டும், பிள்ளைகள் அதைத் தண்டனையாகத்தான் பார்க்கிறார்கள். அதற்குப் பயந்தே நல்ல வரியைச் சேர்க்காமல் விடுகிறார்கள்.

ஆகஸ்ட் 20

இதை எழுத யோசித்தேன். நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், வாயால் கதை சொன்னால் வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும், நோட்டில் ஒரு வரி கூட மற்றவர்கள் வாசிக்கிற மாதிரி வராது. பென்சிலை அழுத்திப் பிடித்து விரல் நுனி வெளுத்துப் போயிருக்கும். கையெழுத்துப் பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டி, தினமும் ஒரு பக்கம் அதிகமாக எழுத வைத்தேன். மூன்று மாதம். அவன் கதை சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

பிறகு சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர் பார்த்துவிட்டு, இது எழுதுதல் குறைபாடு, டிஸ்கிராஃபியா, சோம்பேறித்தனமும் இல்லை, பயிற்சிக் குறைவும் இல்லை என்றார். அவனுக்கு விசைப்பலகை கொடுத்தோம். முதலில் தட்டியது எறும்பு வரிசை பற்றி ஆறு வாக்கியம். கையெழுத்தையும் விடவில்லை, நாளுக்கு ஐந்து நிமிடம், பெரிய எழுத்தில், மதிப்பெண் இல்லாமல்.

எழுத்து கையில் வரும் வரை பென்சில்தான் என்று முதல் நாள் இரவு எழுதினேனே, அதை இந்தப் பையனை மனதில் வைத்து மறுபடி படியுங்கள். சிலருக்கு அந்த ‘வரும் வரை’ வெகு தூரம். அதுவரை கதையைக் காக்க வைக்கக் கூடாது. அந்த மூன்று மாதம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

செப்டம்பர் 9

செயற்கை நுண்ணறிவு கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது, அதற்கு அடுத்த வருடமே அக்கா அண்ணன் எடுத்துக்கொடுத்த கட்டுரைகள் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. வகுப்பில் இவற்றைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்று யுனெஸ்கோ 2023 வழிகாட்டியில் சொன்னது. எனவே பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு முறை நானே ‘மழை’ என்று கேட்டு வாங்கிய பத்தியைத் திரையில் போட்டேன், யார் எழுதியது என்று சொல்லவில்லை. பிழையே இல்லாத பத்தி. மழை இயற்கையின் கொடை, பயிர் செழிக்கும், ஏரி குளம் நிரம்பும். நல்லா இருக்கு என்றார்கள். வேறு என்ன வேண்டும் இதில் என்று கேட்டேன். ரொம்ப நேரம் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒருவன், “இதுல யாருமே நனையல டீச்சர்” என்றான்.

அன்றைக்கு வந்த மழைக் கட்டுரைகளில் நனைந்த செருப்பு, நனைந்த நோட்டு, நனைந்த நாய் எல்லாம் இருந்தன. இப்போது ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்கும்போது “யாராவது நனைஞ்சாங்களா?” என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். மழை இல்லாத கட்டுரைக்கும் அதே கேள்விதான்.

செப்டம்பர் 30

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: 8 டேப்லெட்டை 31 பேருக்கு எப்படிப் பிரிப்பது? எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க நினைக்காதீர்கள். நாலு குழுவாகப் பிரியுங்கள். திங்களும் செவ்வாயும் சொல்லிப் பதிவு செய்வது, ஒரு குழு வெளியே பேசும்போது மற்றவர்கள் கதைக்குப் படம் வரையட்டும். புதன், எல்லோரும் நோட்டில், அன்றைக்குக் கருவிக்கு வேலை ரெக்கார்டரைக் கேட்பது மட்டும்தான், பயமில்லாதவர்களுக்கு அதுவும் வேண்டாம். எழுதியதை எல்லோரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, வாரம் ஒரு குழு மட்டும் வியாழனும் வெள்ளியும் தட்டித் திருத்தட்டும், ஒரு மாதத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். தட்டும் குழு நோட்டைப் பார்த்து அப்படியே ஏற்றினால் நேர விரயம், ஒரு வரியாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் வகுப்பில் தட்டும் வேகத்தை அளக்க வேண்டாம். சார்ஜ் போடும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள்.

அந்தப் பூனைக்குட்டிப் பெண்ணைப் பற்றி மூன்று பேர் விசாரித்திருந்தீர்கள். போன மாதத்திலிருந்து ரெக்கார்டரைக் கேட்பதில்லை. எழுதுவதற்கு முன் உதடு மட்டும் மெல்ல அசைகிறது, ஒரு வாக்கியத்துக்கு அசைந்து, நின்று, பென்சில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை கோடு போட்ட ஒரு தாளின் கடைசி வரி வரை வந்துவிட்டு, என்னிடம் வந்து, பின்பக்கமும் எழுதலாமா என்று கேட்டாள்.